ஐம்பத்தொன்பது நாள்

குப்பிகளில் பெயர் ஒட்டுவது என் வேலை.
பெரம்பூரில் இரண்டாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
பதினோரு வருடமாக
யார் யாருடைய ரத்தத்தையோ எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில்
இருக்க வேண்டிய அளவு என்று இன்னொன்று அச்சாகும்.
பட்டாணிக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

திங்கள் ராத்திரி என் செருப்பைக் கடித்தான்.
செவ்வாய் காலை தண்ணீர்க் கிண்ணத்தின் மேல்
தலையைத் தொங்கப்போட்டு நின்றான்,
குடிக்கவில்லை.
மத்தியானம் மஞ்சள் நுரை.
மூன்று மணிக்கு ரத்தம்.
அந்த வாடை எனக்குப் புதிதில்லை,
வீட்டுக்குள் வந்ததுதான் புதிது.

டவுட்டன் சிக்னலில் ஆட்டோ நின்றபோது
மடியில் ஏதோ மாறியது.
வேப்பேரிக்கு இன்னும் இரண்டு நிமிடம்.
நான் டிரைவரிடம் சொல்லவில்லை,
அவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

சின்ன வயது டாக்டர். கையுறையைக் கழற்றாமல் கேட்டாள்:
ஊசி போட்டீங்களா?
ஒண்ணாம் தேதி போடலாம்னு இருந்தோம்.
அன்றைக்குத் தேதி இருபத்தேழு.
அவள் திட்டியிருக்கலாம். தலையாட்டினாள்.
பார்வோவா இருக்கலாம், எலி மருந்தா இருக்கலாம்,
இந்த வயசுல குடல்புழு கூடப் போதும்,
அறுத்துப் பார்த்தாத் தெரியும்.
வேணாம் என்றாள் ரோஷிணி.
பத்து வயது. அவளை யாரும் கேட்கவில்லை.

அதனால் நானே அறுக்க ஆரம்பித்தேன்,
ராத்திரிகளில், படுத்தபடி.
கொசு மருந்துப் புகை வண்டி சனிக்கிழமை வந்ததே.
கோயில் மதிலோரம் அரளி உதிர்ந்து கிடந்ததே.
பக்கத்து வீட்டு மதுரம் போட்ட கோழி எலும்பு,
தரை துடைத்த பினாயில்,
பல்லி ஒன்றை வாயில் வைத்திருந்ததாக ரோஷிணி சொன்னது
புதன்கிழமையா, அதற்கு முந்தியா?
கடைசியில் மோட்டார் ரூமுக்குப் பின்னால்
ரோஸ் நிற வில்லைகள் ஆறு.
வைத்தவர் வாட்ச்மேன் தேவசகாயம்.
போட்டோ எடுத்தேன். செக்ரட்டரிக்கு அனுப்பினேன்.
சத்தியமா மேடம், குட்டி அந்தப் பக்கமே வரலை என்றார்.
ஆறு வில்லையும் முழுசாகத்தான் இருந்தன.
போட்டோவிலேயே தெரிந்தது.
நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.
அவரைப் பின் பிளாக்குக்கு, நைட் டூட்டிக்கு மாற்றினார்கள்.
அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

எட்டு நாள் கழித்து ஓட்டேரி இக்பால் பாய் போன் செய்தார்.
அவர் ஆட்டோவுக்கு அடியில் பிறந்தவன்தான் பட்டாணி.
மிச்சம் ரெண்டும் போயிடுச்சு சிஸ்டர்,
ஒண்ணு திங்கக்கிழமை, ஒண்ணு இப்போ.
ரத்தமாப் போச்சு. தாய் வந்து வந்து மோந்து பாக்குது.
உங்களுது நல்லாருக்கா?

எண்ணுவதுதானே என் வேலை.
விரல் தானாக மடிந்தது.
செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு
அண்ணன் தம்பிகளைக் காட்டுவோம் என்று
பட்டாணியைத் துப்பட்டாவில் சுற்றி
ஓட்டேரிக்கு எடுத்துப்போனோம்.
மூன்றும் ஒரே தட்டில் பால் குடித்தன.
ரோஷிணி வீடியோ எடுத்தாள்.
அதில் நான் சிரிக்கிறேன்.
நோய் தெரிய நாலைந்து நாள் ஆகும்.
அங்கிருந்து இங்கே வந்திருந்தால்
கணக்கு வரவில்லை.
இங்கிருந்து அங்கே என்றால்
சரியாக வருகிறது.

இக்பால் பாயிடம்
நல்லாருக்கான் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே எப்படி வந்தது என்பதற்கு விடையில்லை.
தெருவில் எதையோ மிதித்து நான் கொண்டுவந்திருக்கலாம்.
தரையெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன்,
செருப்பையும் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன்.
வார் வெளுத்துவிட்டது.
பல் பட்ட இடம் அப்படியே இருக்கிறது.

அதைப் போட்டுக்கொண்டுதான்
நேற்று ராத்திரி பின் பிளாக் வரை போனேன்.
சொல்ல வேண்டியதை லிஃப்டுக்குள்
இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.
தேவசகாயம் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தார்.
பாப்பா இன்னும் அழுவுதா மேடம்?
இல்லை என்றேன்.
குப்பைப் பையைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.