பதினேழு நாற்காலிகள்

இருபத்து மூன்று இருந்தன. ஆறை
நானே பின்கட்டில் ஒளித்துவைத்தேன்.
காலி நாற்காலி கூட்டத்தை விழுங்கிவிடும்.
இடமின்றி நாலு பேர் சுவரில் சாய்ந்து நின்றால்
அறை தானாக நிரம்பிவிடும்.

கிளைபெடா துறைமுகத்துக்குப் பின்தெரு.
முன்பு இது டயர் கடை.
மழை நாளில் இன்னும் ரப்பர் வாடை எழும்.
மாதக் கடைசி வியாழன், மாலை ஏழு மணி:
யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்ததைப் பேசுவார்,
இருபது நிமிடம், மைக் இல்லாமல்.
பிறகு கம்பு ரொட்டி, புகைபோட்ட மீன்,
போகப் போகச் சூடேறும் கேள்விகள்.

மூன்றாம் ஆண்டு இது.
ஆனாலும் ஆறரை மணிக்கு
என் வயிற்றில் புளி கரைகிறது.
கொக்கிகளில் தொங்கும் கோட்டுகளை எண்ணுகிறேன்.
ஒன்பது. பத்து.
சொட்டச் சொட்ட ஒரு சிவப்பு, பதினொன்று.

போன ஏப்ரலில்
தேனீ வளர்க்கும் மில்தாவை
அவள் அக்காள் பெயர் சொல்லி மேடையேற்றினேன்.
(மேடை என்பது ஒரு பழைய கம்பளம்.)
அவள் திருத்தவில்லை.
பையிலிருந்து ஒரு தேனடையை எடுத்து
முன்வரிசையில் நீட்டினாள்.
அது கைமாறிக் கைமாறிக் கதவு வரை போனது.
அவள் பேசியது இன்று யாருக்கும் நினைவில்லை.
விரல் நக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இன்று ரிம்விதாஸ்.
முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர்.
நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டில்,
ஒரே ஒரு காதோடு மட்டும் பேசியவர்:
கீழே கொக்கி மாட்டுபவனின் காது.
நேற்று போனில் கேட்டார்,
"எத்தனை பேர் வருவார்கள்?"
"பதினேழு."
"பதினேழு காது அதிகம்" என்றார்.
முப்பத்துநாலு என்று நான் திருத்தவில்லை.

வந்தார். சட்டைக் கழுத்து வரை பொத்தான்.
நாலாக மடித்த தாள்கள், நான்கு.
தண்ணீர் குடித்தார். மறுபடி குடித்தார்.
பிறகு தாளை நாற்காலியில் வைத்துவிட்டு,
யாரையும் பார்க்காமல், மெல்ல:
"இறக்கு. இன்னும் இறக்கு. நிறுத்து. அரை அடி.
இதுதான் என் மொழி. இதில்தான் பேசுவேன்."
சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

ஒரு குளிர்காலம். ஒரு கப்பல்.
மரப்பெட்டிக்குள் ஒரு குதிரை.
"தூக்கினேன். பாதி ஆகாயத்தில் அது கனைத்தது.
என் கை..."

அங்கே நின்றுவிட்டார்.

மூன்று நொடி. ஐந்து.
எனக்கு எல்லா வித்தையும் தெரியும்:
ஒரு கேள்வியைத் தூக்கிப் போடலாம்,
டம்ளரை நிரப்பலாம், கை தட்டலாம்.
கூட்டம் நடத்துகிறவளுக்கு
மௌனம் என்றால் கூரை ஒழுகுவது போல,
உடனே பாத்திரம் வைக்கத் தோன்றும்.
இரண்டு கைகளையும்
தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன்.
கெனொவைத்தேயின் நாற்காலி கிறீச்சிட்டது.
எட்டு. ஒன்பது.
வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டினார்கள்.

பதினோராம் நொடியில் நிமிர்ந்தார்,
முதல்முறையாக எங்களைப் பார்த்து:
"காற்றடித்தால் நாங்கள் எதையும் தொடமாட்டோம்.
சுமை ஆடும். ஆடி ஓயும்வரை காத்திருப்போம்."
கொஞ்சம் பொறுத்து,
"இப்போது ஓய்ந்துவிட்டது" என்றார்.
அப்புறம் குதிரையை
அங்குலம் அங்குலமாக
எங்கள் நடுவே இறக்கிவைத்தார்.

குதிரைக்குப் பெயர் என்ன என்று
கடைசி வரிசைப் பையன் கேட்டான்.
தெரியாது.
பத்து மணி வரை அதற்குப் பெயர் தேடினார்கள்,
மீன் தீர்ந்தபிறகும், ஒருவரோடொருவர் மல்லுக்கட்டி.
ரிம்விதாஸ் கோட்டை மாட்டிக்கொண்டு
ஒரு பெயருக்கும் ஒப்புக்கொள்ளாமல் கிளம்பினார்.

நாற்காலிகளை அடுக்கும்போது
அந்தத் தாள்கள் கிடைத்தன.
பிரித்துப் பார்த்தேன், தப்புதான்.
பழுதூக்கியின் வரலாறு. பாதுகாப்பு விதிகள்.
அழகான கையெழுத்து, இரண்டு பக்கமும்.
குதிரை எதிலும் இல்லை.