அறுபத்தொன்று

டோங்காட்டிலிருந்து உம்ஷ்லாங்கா ஆஸ்பத்திரிக்கு
அறுபத்தொரு குலுக்கல்.
எண்ணியது நான் இல்லை.
பின்சீட்டில் மூன்று தலையணைக்கு நடுவே
கண்ணை மூடிக்கொண்டு சதானந்தன் எண்ணினார்.
ஒன்று, எங்கள் கேட் ஓடும் இரும்புத் தடம்.
நாலு, கரும்பு லாரிகள் குழிபறித்த திருப்பம்.
பத்தொன்பதில் பல்லிடுக்கில் காற்று இழுபடும்.
முதுகெலும்பில் ஆறு திருகாணி உள்ள மனிதர்
சாலையைத் திட்டமாட்டார், என்னையும்.
எண்ணுவார், அவ்வளவுதான்.

இந்த லேண்ட் குரூசருக்குக்
கெட்டி ஸ்பிரிங் போடச் சொன்னவள் நான்.
அப்போது பந்தல் வாடகைத் தொழில்.
அலுமினியக் கம்பங்கள், மடக்கு நாற்காலி எண்பது,
பிரியாணி அண்டா நாலு.
ஏற்றி முடித்தால் பின்பக்கம்
நாய் குந்தின மாதிரி தாழ்ந்துவிடும்.
பதினாலாயிரம் ராண்ட் எண்ணி வைத்தேன்.
"கட்டாந்தரையா இருக்கு கோகி" என்றார் முதல் நாளே.
"நாற்காலிக்கு முதுகு வலிக்காது" என்றேன்.
சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன்.

பிறகு வெருலத்தில் ஒரு கல்யாணம், மழை, ஏணி.
கம்பங்களை ஃபீனிக்ஸ்காரர் ஒருவர் வாங்கிப்போனார்.
நாற்காலிகள் கோயிலுக்கு.
அண்டாவை யார் எடுத்தார்கள் என்று நினைவில்லை.
ஸ்பிரிங் மட்டும் அங்கேயே,
வராத பாரத்துக்கு விறைத்தபடி.

முதலில் டயரில் காற்றைக் குறைத்தேன்.
இரண்டு புள்ளி எட்டிலிருந்து இரண்டு புள்ளி இரண்டு.
எண்ணிக்கை அதே அறுபத்தொன்று.
குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சர்க்கரை ஆலைக்குப் பின்னால் எம்தோபிசியின் பட்டறை.
பின் பம்பரில் ஏறி உட்கார்ந்தான்.
வண்டி அசையவில்லை.
பையன்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தான்.
அரை விரல் இறங்கியது.
"ஹாவு, மா! இதில் என்னதான் ஏற்றுகிறீர்கள்?"
"என் வீட்டுக்காரரை."
"எத்தனை கிலோ?"
"அறுபத்தெட்டு. முன்னே எண்பத்திரண்டு."
அட்டைத் துண்டில் எழுதிக்கொண்டான், அறுபத்தெட்டு.
"இந்தச் சுருள் அரை டன்னுக்கானது, மா.
அது கிடைக்காதவரை மேலே தள்ளிக்கொண்டேதான் இருக்கும்."

இரண்டு நாள் வேலை.
மெலிந்த கம்பியில் சுருட்டிய ஸ்பிரிங்,
அதற்கு இணங்கின ஷாக் அப்சார்பர் நாலு,
எலும்பாய்க் காய்ந்த புஷ்களுக்குப் பதில் புது ரப்பர்.
வண்டி ஜாக்கில் நிற்கையில்
ஒரு போல்ட்டையும் அவன் இறுக்கவில்லை.
"மறந்துட்டியா?" என்றேன்.
"இறக்கிட்டுத்தான் மா.
அந்தரத்தில் முறுக்கினால்
தரைக்கு வந்த பிறகும் ரப்பர் திருகியே கிடக்கும்."
நாலு சக்கரமும் மண்ணைத் தொட்டு,
வண்டி தன் கனத்தில் தானே அமர்ந்த பிறகு
கீழே படுத்து ஒவ்வொன்றாய் இறுக்கினான்.
நான் டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய சுருள்களை அவன் சித்தப்பா மகன் கேட்டானாம்.
இதே வண்டி, மலைமேல் தண்ணீர்த் தொட்டி ஏற்றுகிறவன்.
எடுத்துப்போகட்டும் என்றேன்.
அங்கே அவற்றுக்கு வேலை இருக்கும்.

வெள்ளிக்கிழமை கேட் தாண்டும்போது
"ஒன்று" என்றார், பழக்கத்தில்.
கரும்புத் திருப்பத்தில் சத்தமில்லை.
ரவுண்டானாவில் படகு மாதிரி சாய்ந்தோம்.
எனக்குத்தான் லேசாகக் குமட்டியது.
கண்ணாடியில் பார்த்தேன், கண் திறந்திருந்தது.
ஆஸ்பத்திரி வாசலில் கேட்டேன், "எத்தனை?"
"ஒம்பதுக்கு மேல விட்டுட்டேன்."

திரும்பும்போது கடற்கரைச் சாலை.
பின்னாலிருந்து திடீரென்று "ஒன்று."
பதறி பிரேக்கில் கால் வைத்தேன்.
"ரெண்டு. மூணு...
அதோ, கோகி, தள்ளி நிக்குதே, நாலு."
துறைமுகத்துக்குக் காத்திருக்கும்
கப்பல்கள்.