இலைகள் தேவை

அறிவிப்பை எழுதியது நான்தான்.
‘இலையுதிர்கால விழா. எல்லா வயதினரும் வரலாம்.
சனிக்கிழமை காலை பத்து மணி.
பழுத்த இலையோடு வாருங்கள், பசை நாங்கள் தருகிறோம்.’
மூன்று மொழி, மூன்று மார்க்கர்.
தமிழ் வரியில் கை கொஞ்சம் தயங்கியது.
டில்லியில் ஐப்பசிக்கு எந்த மரம் உதிர்கிறது?
வேம்பு மொட்டையாக மாசி ஆகும்,
அரசுக்குப் பங்குனி.
நன்கொடையாய் வந்த படப்புத்தகத்தில் மட்டும்
ஏதோ ஒரு நாட்டு மேப்பிள்
செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

மயூர் விஹார், பால் பூத்துக்குப் பின்னால்,
ரேஷன் கடை காலிசெய்த அறைதான் எங்கள் நூலகம்.
தராசு நின்ற வட்டம் இன்னும் தரையில் இருக்கிறது.
வருகிற பிள்ளையெல்லாம் அதில் ஏறி நின்று
‘நான் எத்தனை கிலோ’ என்று கேட்கும்.
வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

பத்து மணிக்குப் பதினோரு பேர்.
குல்நாஸோடு பூங்காவுக்கு அனுப்பினேன்.
அரைமணியில் திரும்பினார்கள்.
இன்பா கையில் ஒரு வேப்பங்கொத்து,
அப்போதுதான் ஒடித்தது, பச்சைப் பசேலென்று.
ரேஹானிடம் தசராவில் எரிந்த ராவணனின்
மீசைத் துண்டு, ஓரம் கருகி.
பேர் சொல்லாத ஒரு சிறுமி
பாவாடை மடி நிறைய ஏழிலைப்பாலைப் பூ கொண்டுவந்து
மேசையில் கொட்டினாள்.
அறை முழுக்க அந்த வாசனை,
பாதி தித்திப்பு, பாதி தலைவலி.

‘இது இலை இல்லையே’ என்றாள் மௌஷுமி.
‘பேரிலேயே ஏழு இலை இருக்கே’ என்றேன்.
தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.
சரிபார்க்க மொத்தக் கூட்டமும் மரத்தடிக்கு ஓடியது.
ஒரு கொத்தில் ஆறாம், ஒன்றில் எட்டாம்,
ஏழே ஏழு எங்குமே இல்லையாம்.
புகார்ப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

கடைசியில் கழிவுப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
மூடிப்போன ஒரு பள்ளிக்கூட நூலகத்தின்
திருப்பித் தரும் தேதிச் சீட்டுகள்,
தாமாகவே பழுத்திருந்தவை.
வெட்டினார்கள்.
அரச இலை, மாவிலை, மீன் போல ஒன்று,
எதுவென்று கேட்டால் அழுதுவிடும் ஒன்று.
ஊதா முத்திரைகளோடு ஒரு மரம் சுவரில் ஏறியது.

அந்த வாரமே காற்றின் எண் நானூறைத் தாண்டியது.
பூங்காவில் நடக்க வேண்டாமென்று டாக்டர் சொன்னவர்கள்
முகக்கவசத்தோடு உள்ளே வந்தார்கள்.
வரலாற்றிலிருந்து சமையல்வரை இருபத்து மூன்று அடி,
அங்கே திரும்பி, கவிதை வழியாக மறுபடி வரலாறு.
ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாற்பது.
ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஹர்பிந்தர் சிங்
வளைவுகளில் வேகத்தைக் குறைப்பார்.
திருமதி கோச்சர் சுற்றுக்கு ஒரு பக்கம் வீதம்
நின்றபடி படித்து, மூடி, நடப்பார்.
எந்தப் புத்தகம் என்று கேட்டேன்.
‘முடிவு தெரிந்த பிறகு சொல்கிறேன்.’

படிக்கிற பிள்ளைகள் கால்களை உள்ளிழுத்து
வழி விடப் பழகிக்கொண்டார்கள்.

எங்கள் சுவரில் ஈரம்.
பசையோ பத்து ரூபாய்ப் பசை.
இரவில் இரண்டு, மூன்று என்று விழத் தொடங்கின.
காலையில் கதவைத் திறந்தால்
தராசு வட்டத்தில் ஒன்று, நாற்காலிக்கடியில் ஒன்று.
விளக்குமாற்றை எடுத்தேன்.
‘பெருக்காதீங்க ஆன்ட்டி, இது இலையுதிர்காலம்’
என்றான் இன்பா, பல் விழுந்த வாயால்.

இன்று ஹர்பிந்தர் சிங்கின் ஷூவில்
ஒரு இலை ஒட்டிக்கொண்டது.
1998 நவம்பர் 12-க்குள் யாரோ
எதையோ திருப்பித் தர வேண்டியிருந்த இலை.
வரலாற்றிலிருந்து சமையல்வரை,
கவிதை வழியாக மறுபடி,
முப்பத்தொன்றாம் சுற்று, முப்பத்திரண்டாம் சுற்று,
அதைச் சுமந்தபடி நடக்கிறார்.
பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.
ஒருத்தரும் மூச்சு விடவில்லை.