ஹீட் நம்பர்

சின்னவேடம்பட்டியில் என் வேலை
உடைந்ததைப் பார்ப்பது.
பம்ப்செட் காசிங் வெடித்துத் திரும்பி வந்தால்
முதலில் ஹீட் நம்பரைத் தேடுவேன்.
எந்த உலை, எந்த ஷிப்ட்,
மணலில் ஈரம் எவ்வளவு,
பேட்டர்னில் கோணல் உண்டா.
"இது எங்க வார்ப்பே இல்லைங்க,
நாங்க நல்ல இரும்புதான் ஊத்துவோம்" என்று
எந்த சூப்பர்வைசரும் இதுவரை சொன்னதில்லை.
சொன்னால் மோல்டிங் ஆட்களே சிரிப்பார்கள்.

பகலவனை வெட்டியது ஒரு வியாழக்கிழமை.
சங்கனூர்ப் பள்ளத்தை ஒட்டிய பேக்கரி வாசலில்
தேங்காய் பன்னைப் பிட்டுக்கொண்டிருந்தான்.
இருபத்தோரு தையல்.
இடது கையில் இரண்டு விரல் இனி மடங்காது.
எங்கள் பவுண்டரியில் கோர் பிடிக்கிறவன்,
இடக்கைக்காரன்.

வெட்டியவன் ஓடவில்லை.
டிரம்மில் தண்ணீர் மொண்டு கை கழுவினான்.
நின்ற இடத்தில் நின்று
நாலு வரி சொன்னான், மனப்பாடமாய்.
ஓரிடத்திலும் திக்கவில்லை என்கிறார் டீ மாஸ்டர்.

போலீஸ் இரண்டு வழக்குப் போட்டது.
வெட்டியவன்மேல் ஒன்று,
வெட்டுப்பட்டவன்மேல் ஒன்று.
நம்பர் அடுத்தடுத்து.

பத்து நாள் கழித்து அமைதிக் கூட்டம்.
தாலுகா ஆபீஸ் மாடி, ஓடாத ஏசி, ஓடுகிற ஃபேன்,
மூன்று மதத்துப் பெரியவர்கள், ஒரே தட்டில் முறுக்கு.
துணைக்குப் போயிருந்தேன்.
"நீங்க எந்தப் பக்கமுங்க?" என்றார்கள்.
"இன்ஸ்பெக்‌ஷனுங்க" என்றேன்.

மூவரும் நல்லவர்கள். கிண்டலாகச் சொல்லவில்லை;
ஆஸ்பத்திரி பில்லில் பாதி
அவர்களில் ஒருவர் கட்டியது.
"அவன் எங்காளே இல்லைங்க" என்றார் ஒருவர்.
"நெசமான பக்தி கத்தி எடுக்காதுங்க" என்றார் அடுத்தவர்.
மூன்றாமவர் தலையை மட்டும் ஆட்டினார்.
நாளைக்கு அவருக்கும் அந்த வாக்கியம்
தேவைப்படலாம்.

பிறகு எல்லோரும் பகலவன் பக்கம் திரும்பினார்கள்.
"நீங்க அப்படிக் கேட்டிருக்க வேண்டாமுங்க, சாமி.
பல பேர் மனசு புண்ணாப் போச்சு."
கட்டுப்போட்ட கை மேசைமேல் கிடந்தது.
புண் என்ற சொல் அந்த அறையில்
அவனைத் தவிர எல்லோருக்கும் வழங்கப்பட்டது.

அவன் கேட்டதோ ஒரே கேள்விதான்:
ஏழு வயசுப் பிள்ளைக்கு
அந்த நாலு வரியை ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

எந்த மதம் என்கிறீர்கள்.
சொல்ல மாட்டேன்.
சொன்னால் உங்களில் பாதிப்பேர்
"அதானே பார்த்தேன்" என்று புரண்டு படுப்பீர்கள்.
மீதிப்பேர்
என் வீட்டு முகவரி விசாரிப்பீர்கள்.

லட்சம் காசிங் ஒழுங்காக ஓடுகிறது, தெரியும்.
அதில்தான் காடு தோட்டமெல்லாம் தண்ணி பாய்கிறது.
எங்கள் அத்தை விடியக்காலம் கண்மூடிக் கும்பிடுகிறபோது
அவர் முகத்தில் வருகிற அமைதியை
எந்தக் கருவியாலும் நான் அளந்ததில்லை.
பகலவனின் தோழர்கள் வந்து
"எல்லாருமே கத்திதான்" என்றபோது
அதுவும் சோதனை இல்லை என்றுதான் சொன்னேன்.
ஆனால்
ஓடுகிற லட்சத்தைக் காட்டி
வெடித்த ஒன்றை மேசையிலிருந்து எடுத்துவிட முடியாது.
அதன் முதுகில் நம்பர் இருக்கிறது.

"ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்துருங்க,
இதோட முடிச்சுக்கலாம்" என்று
தாசில்தார் ஒரு வெள்ளைத்தாள் நீட்டினார்.

பகலவன் வலது கையால் எழுதினான்.
வெகுநேரம் எழுதினான்,
எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய,
ஏழு வயசுப் பிள்ளையின் கையெழுத்தில்.
மன்னிப்பு இல்லை.
அந்த நாலு வரி.

"சத்தமாப் படிங்க.
இதுல எந்தச் சொல் அவனா சேர்த்தது,
அதை மட்டும் அடிச்சுக் குடுங்க.
கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

பேனா மூவரிடமும் போய்த் திரும்பியது,
மூடி திறக்காமல்.

ஃபேன் காற்றில் தாள் எழும்பியது.
பறந்துவிடாமல் இருக்க
யாரோ
முறுக்குத் தட்டை எடுத்து அதன்மேல் வைத்தார்கள்.