பதினைந்தாம் கார்பன்

யஷ்வந்த்பூர் ரயில் கூவுகிறது.
முப்பத்தேழு டிகிரியில் விழித்திருக்கிறது இன்குபேட்டர்.
உள்ளே, பெயர் தெரியாத ஒருத்தியின்
அறுவை சிகிச்சையில் மிஞ்சிய தோல்.
மூடியில் எழுதியிருக்கிறேன்: 14-ஆ.

கொழுப்பு என்றால் நெய், தொந்தி, டாக்டரிடம் திட்டு
என்றுதான் இருந்தேன்.
இருபது கார்பன் கோத்த வளைந்த சரம் அது.
பன்னிரண்டில் ஒரு நொதி ஆக்சிஜனைச் செருகினால்
'பெருகு' என்று காதில் விழுகிறது செல்லுக்கு.
பதினைந்தில் செருகுகிற இன்னொன்று
'போதும்' என்கிறது.
மூன்று மணி தள்ளி
ஒரு முடிச்சு.

காலையில் பஸ்ஸில்
என் முழங்கையைப் பார்த்துவிட்டு
பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றுகொண்டார்,
மல்லேஸ்வரம் வரைக்கும்.
இருபத்தெட்டு நாளில் உதிர வேண்டியது
எனக்கு நாலைந்து நாளில் உதிர்கிறது.
கறுப்புச் சட்டை வாங்குவதை விட்டு ஏழு வருஷம்.

பத்தரைக்குக் காவலர் சென்னபசப்பா
கதவைத் தட்டுகிறார்:
"ஊட்டா ஆய்த்தா மேடம்?"
இன்னும் இல்லை, எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
பதினைந்தின் நொதி கூடிய தட்டில்
செல்கள் ஓரம் வரை வந்து
தோளோடு தோள் உரசி நின்றுவிட்டன.
அடுத்த தட்டில்
பண்டிகை நாள் மெஜஸ்டிக் மாதிரி
ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன.

14-ஆ அம்மா,
உங்கள் தோலுக்கு நிற்கத் தெரிந்துவிட்டது.
எங்கே இருக்கிறீர்களோ.

கையுறையைக் கழற்றுகிறேன்.
மைக்ராஸ்கோப் அடியில், மேசைமேல்
என் செதில்கள்.
ஊதித் தள்ள வாயைக் குவித்தவள்
எண்ண ஆரம்பிக்கிறேன்,
பழக்க தோஷம்.