வெள்ளிக்கிழமை வேலை

ரிமூஸ்கியில் பனிக்காலம் முழுக்கச்
சாலைக்கு உப்பிடுகிறார்கள்.
உப்பிட்டவரை யார் மறந்தாலும்
தகரம் மறப்பதில்லை.

மதாம் திபோவின் வண்டி.
பின்சக்கர வளைவில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது.
கிரைண்டர் வைத்தேன்.
புட்டி பொருக்குப் பொருக்காய் உதிர
அடியில் வெல்டிங் தையல்,
பிரைமர் ஒரு சொட்டு இல்லாமல்,
துருவாகி.

எந்த மடையன் என்று வாய்வரை வந்தது.
தையல் ஓடியிருந்தது வலமிருந்து இடம்.
இந்தக் கடையில் இடக்கை
நான் ஒருத்திதான்.
இரண்டு வருடம் முன்பு,
ஒரு வெள்ளி, ஐந்து மணிக்கு மேல்.

பளபளக்கும்வரை தேய்த்துத் துடைத்து
எபாக்ஸி பிரைமர் இரண்டு பூச்சு.
சாம்பல் நிறம்;
யாரும் பார்க்கப்போவதில்லை.
காய்ந்தபின்தான் புட்டி.
பில்லில் தொகைக்கு நேரே
கோடு போட்டாயிற்று.

போனில் மதாம்:
"இன்றைக்கே முடியாதா, ழீஸ்லேன்?"

"இன்று வெள்ளி" என்றேன்.