அறுபத்து மூன்றாம் பக்கம்

கோத்தகிரியில் அந்த ஜூலை முழுக்க வெயிலே இல்லை.
கம்பெனிக்காரன் தரமாட்டேன் என்ற சர்க்யூட்டை
டிவியைப் பிரித்துப் போட்டு
கம்பி கம்பியாய்த் தொடர்ந்து
டிரேசிங் தாளில் நான் வரைந்திருந்தேன்.
பெள்ளி அச்சகத்து பீரோவில் இருந்தது பத்து நாள்.
பூஞ்சை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

இரண்டு கோடுகள் வெறுமனே குறுக்கிட்டால்
ஒன்றுக்கு ஒன்று அறிமுகமில்லை.
சந்திப்பில் புள்ளி இருந்தால் உறவு.
எழுத்தில் நேர் எதிர்,
புள்ளி வைத்தால் உயிர் போய்விடும்.

ஆயிரம் பிரதி, ஏழு ரூபாய் ஐம்பது காசு.

கூடலூர் மொய்து ஒரு கவர் அனுப்பினார்.
உள்ளே கருகிய டிரான்சிஸ்டர், நாலு வரி:
‘63-ஐ நம்பிப் பற்றவைத்தேன்.
செட்டு ஒரு கல்யாணப் பெண்ணின் சீர்.
மற்ற பக்கங்கள் நன்றாக இருக்கின்றன.
அடுத்த புத்தகம் எப்போது?’

விற்காத அறுநூற்று நாற்பதிலும்
பிளேடால் அந்தப் புள்ளியைச் சுரண்டினேன், மூன்று இரவு.
ஈரத்தாள். சிலதில் ஓட்டையே விழுந்தது.
ஓட்டைக்குள் தெரிந்தது
அடுத்த தாளில் ஏதோ ஓர் எழுத்தின் புள்ளி.

அதையும் சுரண்டப் போன கையை
பெள்ளி பிடித்துக்கொண்டார்.